கேரியரில் அவள், பின் டயரில் காற்று

கல்யாணமான புதிதில், வேலந்தாவளம் சந்தைக்கு மனைவியைச் சைக்கிளில் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பு வரவில்லை, பயம் மட்டும் நன்றாக வரும். இரண்டு பேர் பாரத்தில் டயர் வெடித்துவிட்டால் என்ன செய்வது? பால்காரர்கள் போடுகிற அகல டயரைப் பின்னால் மாட்டினேன். சைக்கிள் கொஞ்சம் உயர்ந்து, தரையில் ஊன்றிய கால் விரல்நுனிக்கு வந்துவிட்டது. அதற்காகச் சீட்டை இறக்கினேன். அப்படியும் மனது ஆறாமல், கட்டைவிரலால் அழுத்தினாலும் டயர் துளியும் அமுங்காதபடி காற்றடித்தேன்.

எருத்தேன்பதி தாண்டி மண்பாதையில் இறங்கியதும், ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் துள்ளியது. கேரியரில் இருந்தவள் குதித்து இறங்கிவிட்டாள்.

"ஏனுங்க, இது சைக்கிளா, ஆட்டுக்கல்லா? நான் நடந்தே வாரனுங்க."

எனக்கு அழாத குறை. "காத்து அதிகமாப் போச்சு, அதான் துள்ளுது. எறக்குனா உன்ற பாரத்துல ரிம்மு நசுங்கிப் போகுமே?"

"நான் என்ன நெல்லு மூட்டைங்களா?"

அவளை மறுபடி உட்காரச் சொல்லி, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வால்வ் நட்டைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று போனது. டயர் அடியில் லேசாகப் பிதுங்கியதும் இறுக்கினேன்.

அடுத்த கல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். துள்ளவே இல்லை! மெத்தையில் உருண்ட மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்காமல் கல்லாகத் தேடித் தேடி ஏற்றினேன்.

"பாதைல போங்க!" என்று முதுகில் குத்தினாள். இறங்கவில்லை.