வாயை மூடும் துணி

என் கணவர் துர்க்மெனிஸ்தானில் ஒரு எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், எடுத்த படங்களை ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடியோ காலில் வந்தார். மார்பு கொள்ளாத வெள்ளி நகையும் சிவப்புப் பட்டுமாக ஒரு புது மருமகள். தலைத்துணியின் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தாள்.

"இதுக்குப் பேரு யாஷ்மக், அய்யா. மாமனார் முன்னால வாயை மூடிக்கிருவாக. ஏதாச்சும் சொல்லணும்னா சின்னப் பிள்ளைககிட்ட குசுகுசுன்னு சொல்லி அனுப்புவாக."

அவருடைய அப்பா, என் மாமா, நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா! கூடாரம் போட்டு ஆடு மேச்சுத் திரிஞ்ச சனத்துக்கே இம்புட்டு மரியாதை தெரிஞ்சிருக்கு." அத்தையிடம்தான் சொன்னார். பார்த்தது என்னை.

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டியதை அத்தையிடம் சொல்வேன். அத்தை அதில் பாதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மரியாதை என்றுதான் நம்பினேன். சில நாள் வெறும் பயம் என்றும் தோன்றும்.

இரண்டு வயது தாண்டியும் எங்கள் மகள் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டினால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்பமாட்டாள். மதுரையில் காதைச் சோதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மாமாவின் பதில் அத்தை வழியாக வந்தது: "எங்க வம்சத்துல எல்லாம் லேட்டாத்தான் பேசும். மதுரைக்குத் தூக்கிட்டு அலைஞ்சா ஊர்ல செவிட்டுப் பிள்ளைன்னு பேராயிரும்." நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று எனக்கும் குழப்பம். காத்திருந்தேன்.

படங்களைப் பார்த்த பிறகு கணவரிடம் கேட்டேன்: "அந்தத் துணிய எப்பத்தான் எடுப்பாக?"

அவர் விசாரித்துச் சொன்னார். பிள்ளை பிறந்தபின் பெரியவர்கள் ஏதாவது பரிசு கொடுத்து, இனிமேல் பேசு என்று விடுவிப்பார்களாம். நானும் தேடிப் படித்தேன். ஊர் ஊராகப் போன காலத்தில் கூடாரத்தைப் பிரித்ததும் நட்டு நிறுத்தியதும் அந்தப் பெண்கள்தான். குலத்துக்குக் குலம் மாறும் அடையாளங்களைக் கம்பளத்தில் நெய்ததும் அவர்களே. அவர்கள் மௌனத்துக்கே ஒரு முடிவு இருந்திருக்கிறது. என்னுடையதற்கு யாரும் நாள் குறிக்கவில்லை.

மறுநாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா முன்னால் போய் நின்றேன்.

"மாமா, நாளைக்குப் பாப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "இந்தா, ஒன் மருமக என்னமோ சொல்றா."

"உங்ககிட்டத்தான் மாமா சொல்றேன்."

"அந்த ஊருப் பொண்ணப் பாத்தேல்ல? எம்புட்டு அடக்கமா இருந்துச்சு!"

"பாத்தேன். அங்க பிள்ளை பெத்தவளுக்குப் பரிசு குடுத்துப் பேசச் சொல்லுவாகளாம். எனக்குப் பரிசெல்லாம் வேணாம்."

கரண்டியோடு வந்து நின்ற அத்தைக்கு அதிர்ச்சியா சிரிப்பா, தெரியவில்லை.

"கார் கெடையாது" என்றார் மாமா.

"பஸ் இருக்கு."

பரமக்குடி வரும்வரை பஸ்ஸில் இதே யோசனை. குரல் உயர்ந்துவிட்டதோ? திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ? மதுரையில் சோதித்தார்கள். இரண்டு காதும் மந்தம். கருவி வைத்தால் பேச்சு வரும் என்றார் டாக்டர். வீட்டில் இருக்கும் எல்லோரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சத்தமாக, நாள் முழுக்கப் பேசவேண்டுமாம்.

கருவி வந்தது. பேசுகிறேன். இது கத்தரிக்காய், இது அரிசி பொடைக்கிற சொளகு, இவுக தாத்தா. முதலில் மாமா எழுந்து களத்துப் பக்கம் போய்விடுவார். நேற்று போகவில்லை. "சத்தத்தக் கொறைக்கச் சொல்லு" என்றார், அத்தையிடம்.

"கொறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காக, மாமா. நீங்களும் பேசணும்" என்று அவரிடமே சொல்லி, மகளின் முகத்தை அவர் பக்கம் திருப்பினேன்.