மாமா வந்ததால் போன கரண்ட்

மின்சாரம் போனால் ஊர் அமைதியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் ஓசூரில் குடியிருந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் மின்சாரம் போனால்தான் சத்தம் தொடங்கும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டீசல் ஜெனரேட்டர் உறுமும். அதைக் கேட்டு எழுந்ததுபோல் அடுத்தது, அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் கொடியில் காயும் துணிகளில் டீசல் வாடை ஏறிவிடும். எங்கள் வரிசை வீடுகளில் ஜெனரேட்டர் கிடையாது. அங்கே சத்தமாக ஓடிக்கொண்டிருந்த ஒரே பொருள் அம்மாவின் கிரைண்டர். கரண்ட் போனால் அது நின்றுவிடும்.

அப்பாவுக்குக் கம்பெனி வேலை கிடைத்து நாங்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள். அம்மா வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்றாள். தெருவில் தங்கியிருந்த ஷிப்ட் பையன்கள்தான் வாடிக்கை. மின்வெட்டுக்கு அறிவித்த நேரம் ஒன்று இருந்தது. அறிவிக்காத நேரம் பல இருந்தன. அம்மா இரண்டுக்கும் நடுவே அரிசி ஊறவைக்கப் பழகியிருந்தாள்.

அந்தப் பங்குனியில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். பணகுடிக்குப் பக்கத்தில் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பது அவர் வேலை. உயரத்தில் தொங்கும் அந்த வேலை வேண்டாம், கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்று வரவழைத்தவள் அம்மாதான். மாமா வந்த முதல் நாளே என்னிடம் பெருமை பேசினார்.

“ஏட்டி, நெய்வேலில கரி எரியட்டும், மேட்டூர்ல தண்ணி விழட்டும். எங்க காத்தாடி சுத்தலன்னா ஒங்க ஊருக்குப் பாதி கரண்ட் கெடையாது பாத்துக்கோ. நான் போல்ட்டு முறுக்குனாத்தான் ஒங்கம்மைக்கு மாவு ஆடும்.”

அவர் வந்த வாரத்தில் மின்வெட்டு முன்பைவிட அதிகமானது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இதில் குழப்பமே இல்லை. போல்ட் முறுக்க வேண்டியவர் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் எப்படி வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பெரிய நாள். கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து முதல்முறையாக மாவு கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை இட்லி நன்றாக வந்தால் தினமும் அம்மாவிடமே வாங்குவதாகப் பேச்சு. வராவிட்டால் அந்த வாசலை மறுபடி மிதிக்க வேண்டியதில்லை. அம்மா அண்டா நிறைய அரிசியும் குண்டான் நிறைய உளுந்தும் ஊறவைத்தாள். காலையில் போன கரண்ட் மதியம் வர வேண்டும். வரவில்லை. மாலைக்குள் ஆட்டினால்தான் விடிவதற்குள் மாவு பொங்கும். ஜெனரேட்டர் வைத்திருந்த ஓட்டலில் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் மாவே அங்கே வரிசையில் நின்றது.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், தக்காளி வண்டிக்காரரிடம் கன்னடம். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் அத்திப்பள்ளி. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில்.

“அவுங்க கரண்டு வேற, நம்ம கரண்டு வேற. அங்க இருக்குதாம், இப்பத்தான் போன்ல கேட்டேன். எடுத்துகினு போங்கக்கா, அவ வீட்டுல பெரிய கிரைண்டரே இருக்குது.”

ஊறிய அரிசியை நீர் வடித்து, அண்டாவின் வாயைத் துணியால் கட்டி, உளுந்துக் குண்டானையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் மாமாவும் நானும் டவுன் பஸ் ஏறினோம். இது எவ்வளவு பெரிய தவறு என்று எல்லையில் அடிக்கடி போய்வருகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ரேஷன் அரிசி எல்லை தாண்டிப் போகாமல் பார்ப்பதற்கென்றே ஜூஜூவாடிக்குப் பக்கத்தில் சோதனைக்கு ஆட்கள் நின்றார்கள். நாங்கள் எல்லையை நோக்கி ஓர் அண்டா அரிசியோடு போய்க்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் ஏறிய காக்கிச் சட்டைக்காரர் அண்டாவைப் பார்த்ததும் எங்களை இறக்கிவிட்டார். பஸ் போய்விட்டது. அவர்களுடைய தகரக் கொட்டகையில் விசிறி நின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே துணியை அவிழ்க்கச் சொன்னார். அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். கடையில் வாங்கிய இட்லி அரிசிதான் அது. ஆனால் ஊறிய பிறகு எல்லா அரிசிக்கும் ஒரே முகம். எது கடையுடையது, எது ரேஷனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அவராலும் முடியவில்லை. அதனால் சந்தேகம் வலுத்தது.

“ஊற வெச்சத யாராவது கடத்துவாங்களா சார்?” என்றாள் அம்மா.

“மாவா கொண்டாந்திருந்தா விட்டிருப்பேன்மா. அரிசியா இருக்குதே.”

“மாவாக்கத்தான் சார் போறோம்.”

அவர் யோசித்தார். அம்மா விடுதியைப் பற்றியும் மறுநாள் காலையைப் பற்றியும் சொன்னாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, இவ்வளவு நேரம் யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்லாததைப் பொறுக்க முடியாமல் நான் சொன்னேன்.

“எங்க மாமா லீவுல வந்துட்டாங்க சார். அதான் எங்கயும் கரண்ட் இல்ல.”

மாமா என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊரில் பார்க்கிறார் என்று விளக்கமும் கொடுத்தேன். அதிகாரி விசிறுவதை நிறுத்தினார். தலைக்கு மேல் அசையாமல் நின்ற விசிறியைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

“நீதானாய்யா அது? எப்பத் திரும்பிப் போற?”

காக்கிச் சட்டைக்காரர் திரும்பி நின்று சிரித்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அண்டா விடுதலையானது. ஒரே நிபந்தனை: திரும்பும்போது மாவாகக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அத்திப்பள்ளியில் அந்தத் தங்கை கிரைண்டரைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். உளுந்து பஞ்சாகப் பொங்கி வந்தது. அம்மாவின் முகம் தெளிந்தது. அரிசி பாதி ஆடியிருந்தபோது அங்கேயும் கரண்ட் போய்விட்டது. வேறு கரண்டும் நம் கரண்டைப் போலவே போகும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மாமா கிரைண்டரின் பின்மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கிரைண்டர் பானையின் விளிம்பைப் பிடித்துக் கையாலேயே சுற்றத் தொடங்கினார்.

வெகுநேரம் சுற்றினார். வியர்வை முழங்கையில் சொட்டியது. அம்மா எழுந்து வந்து தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். பானை ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேலே இருந்த மின்விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்தது. பிறகு வேகம் பிடித்தது. அடுத்த அறையில் டிவி பேசியது.

கரண்ட் வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எப்படி வந்தது என்று பார்த்தவள் நான்.

திரும்பும்போது கொட்டகையில் மாவைக் காட்டினோம். அதிகாரி எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த வீட்டில் இன்னொரு ஈடு ஆட்டித் தருவார்களா, தன் வீட்டிலும் காலையிலிருந்து ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா வீட்டு அடையாளம் சொன்னாள். அவருடைய அரிசியை எல்லையில் யார் சோதித்தார்கள் என்பது தெரியவில்லை.

பஸ்ஸில் நான் மாமாவிடம் நேராகவே கேட்டேன்: நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டால் அங்கே யார் சுற்றுவார்கள்? அவர் சிவந்துபோன உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். “சரி தாயி, போயிருதேன்” என்றார்.

மறுநாள் விடுதியில் இட்லி பூவாக வந்தது. இன்னும் அதிகமாக மாவு வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். அதே நாள் மாமா அப்பாவோடு கம்பெனிக்குப் போனார். இருக்கிற ஷிப்டையே டீசலில் ஓட்ட முடியவில்லை, கரண்ட் சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த வாரமே மாமா ஊருக்குத் திரும்பினார். ஆனி பிறந்ததும் மின்வெட்டு குறைந்தது. நான் ஆச்சரியப்படவில்லை.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, மின்சாரம் பற்றி எழுத வேண்டியிருந்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ஆனி, ஆடியில் தெற்கே கணவாய்களில் காற்று புகுந்து வீசும், அதனால் அந்த மாதங்களில் பற்றாக்குறை தணியும். நெய்வேலி நிலக்கரி, மேட்டூர்த் தண்ணீர், இப்போது கூடங்குளத்து அணு உலை, எங்கள் மாவட்டத்துக் கம்பெனிக் கூரைகளில் பளபளக்கும் சூரியத் தகடுகள் எல்லாம் ஒரே கம்பி வலையில் போய்ச் சேர்கின்றன. வலைக்குள் சேர்ந்த பிறகு ஊறிய அரிசியைப்போல அதற்கும் ஒரே முகம்தான். அந்தக் கம்பிகள் மாநிலத்துக்கு மாநிலம் பின்னிக் கிடக்கின்றன. அரிசியை நிறுத்திய எல்லையில் மின்சாரத்தை யாரும் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதிப்பதில்லை. மாமா இன்றும் காற்றாலையில்தான் இருக்கிறார். இப்போது கீழே நின்று இளையவர்களின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்து மேலே அனுப்புகிறார்.

ஆனால் அந்த ஆடியில் நடந்த ஒன்று கணவாயிலும் கம்பியிலும் அடங்குவதில்லை. கரண்ட் சரியாகிவிட்டதென்று கம்பெனியில் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். மறுமுனையில் பேச்சைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. நல்ல காற்று சீசன், இப்போது விட்டுவிட்டு வர முடியாது, இந்த வேலைதான் பிடித்திருக்கிறது என்று மாமா சொல்லியிருக்க வேண்டும். அப்பா சிரித்துவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா வாதாடவில்லை. விடுதிக்கான மாவு ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரின் பக்கம் போனை நீட்டிச் சற்றுநேரம் பிடித்திருந்தாள். அனுப்பிய கரண்ட் வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கிறாள் என எடுத்துக்கொண்டேன். பிறகு காதில் வைத்து, “மேல நிக்கியா, கீழ நிக்கியா?” என்று கேட்டாள்.

அண்டைவீடு வரைக்கும் கேட்டிருக்கும், மாமா அவ்வளவு உரக்கச் சொன்னார்: “கீழதாம்க்கா நிக்கேன்.”

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் காற்றையே கேட்டுக்கொண்டு நின்றாள். “சரி, பாத்து எறங்கு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கீழே நிற்கிறவரை எதற்கு இறங்கச் சொல்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.