காலண்டர் தாளின் பின்பக்கத்து வைத்தியன்

என் அக்காள் கணவரின் இருதயத்தை இளநீரால் நிறுத்தப் பார்த்தவன் நான். கெட்ட நோக்கம் கிடையாது. நோக்கம் என்று எதுவுமே கிடையாது. அதுதான் வெட்கக்கேடு.

நகைச்சுவைப் புத்தகங்கள் எழுதி, அவற்றை நானே வாங்கிப் பரிசளித்துத் தீர்த்தபின், சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு எழுதத் தொடங்கினேன். தினசரித் தாளின் முன்பக்கத்தில் ராசிக்கு ஒரு சொல்: லாபம், அலைச்சல், பயம். பின்பக்கத்தில் மருத்துவக் குறிப்பு. வீட்டில் இதைச் சொல்லவில்லை. பெரிய நாவல் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

போன வருட ஆடிப்பெருக்கன்று, அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்தாக வேண்டியிருந்தது. ஒரு தாளின் பின்பக்கம் மட்டும் காலியாகக் கிடக்கிறது என்று அச்சகத்திலிருந்து போன் வந்தபோது, நான் சாத்தூர் சாலையோரம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ‘தினம் ஒரு இளநீர் ரத்தக் குழாய்களை மிருதுவாக்கும்’ என்று போனிலேயே சொல்லிவிட்டேன். கையில் பனங்கிழங்கு இருந்திருந்தால் பனங்கிழங்கு மிருதுவாக்கியிருக்கும்.

அத்தான் விருதுநகரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். இந்த வருடம் டாக்டர் அக்காவிடம், “கிட்னியவிட இவரு இருதயத்த நெனச்சாத்தான் கவலையா இருக்கும்மா. ரத்தக் குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு, வெயில்ல கெடந்த ஹோஸ் மாதிரி வெறைச்சுப் போச்சு. அதுக்குள்ள தள்ளித் தள்ளி இருதயம் களைச்சுப் போகுது” என்றார்.

“மிருதுவாக்க என்ன செய்யணும் சார்?” என்று அக்கா கேட்டாள். அவர் மாத்திரை, உப்பு, தண்ணீர் அளவு என்றார். அக்காவுக்கு அது பதிலாகவே படவில்லை. சில வாரம் கழித்து, மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் பதில் சொன்னது.

பிறகொரு நாள் காலையில் அத்தானுக்குக் கை கால் துவண்டு, நாடி விட்டுவிட்டு அடித்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது, ஏற்கெனவே களைத்த இருதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லி, உடனே மெஷினில் போட்டார்கள்.

நர்ஸ் அக்காவைப் பிடித்துக்கொண்டார். “இளநீர் பூராம் பொட்டாசியம், ஆகாதுன்னு எம்புட்டு தடவ சொன்னேன்?”

“சொன்னீக. அது கிட்னிக்குத்தான? இது ரத்தக் குழாய்க்குன்னு போட்டிருந்துச்சே” என்று அக்கா பர்ஸிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

என் வாக்கியத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கீழே பெயர் கிடையாது. வாழ்நாளில் முதல்முறையாக, என் எழுத்தில் என் பெயர் இல்லாததற்குச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அக்கா அத்தானின் காலைப் பிடித்துக்கொண்டு, “நாந்தான் கெடுத்துப்புட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. நாடி சீராகிவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு நேர்மை வந்தது.

“அக்கா, அத எழுதுனது நான்தான். காலண்டருக்கு எழுதுற ஆளே நான்தான்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே, படிச்ச ஆளு யாரோ எழுதுறாகன்னுல்ல நெனச்சேன். நீன்னு தெரிஞ்சிருந்தா அதுல கருவேப்பிலைய மடிச்சு வச்சிருப்பேனே.”