குளியல் கூடத்துப் பேயின் நடை

ஹிசாயேயின் கணவர் தொமேகிச்சி செத்துப்போன பிறகுதான் ஊரறிந்த ஆளானார். உயிரோடு இருந்தவரை ஒசாகாவின் பின்தெரு ஒன்றில் பொதுக் குளியல் கூடம் நடத்திக்கொண்டு, துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அங்கே தினமும் குளிக்க வந்த நிஷிகோரி என்ற மாணவன் பின்னாளில் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதை வரையக் கிளம்பி, அவரைப் பேயாக்கி ஒரு சிரிப்புத் தொடர் ஆரம்பித்தான். செத்தும் திட்டுவதை விடாத பேய்.

முதல் அத்தியாயம் வந்த இதழை ஒரு பெட்டி இனிப்போடு கொண்டுவந்து நீட்டினான். ஹிசாயே வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்த முறைப்பு, காதில் செருகிய சிகரெட், எல்லாம் அச்சு அசல்.

"கால் எங்கடா?"

"பேய்க்குக் கால் ஏது அக்கா?"

"அதுவும் சரிதான். செருப்புச் செலவு மிச்சம்."

பிறகு அது கார்ட்டூனாகித் தொலைக்காட்சியில் வந்தது. ஞாயிறு மாலையானால் குளித்து முடித்த கூட்டம் வீட்டுக்குப் போகாமல், இடுப்பில் கையை வைத்துக் குளிர்ந்த பாலைக் குடித்துக்கொண்டே டிவி முன்னால் நிற்கும். தெருப் பிள்ளைகள் தொமேகிச்சி மாதிரியே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் ஹிசாயேக்கு இன்றும் மனசு நிறையும்.

ஆனால் குரல் கொடுத்த நடிகர் பொல்லாத கெட்டிக்காரர். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கணவர் பேசியதை நினைத்தாலே அந்த நடிகரின் குரல்தான் அவள் காதில் வந்தது. அசல் குரல் போயே போய்விட்டது. முகத்துக்குப் பூஜை மாடத்தில் படம் இருக்கிறது. வலது முழங்கால் மடங்காமல், அடிக்கு அடி தோளைச் சாய்த்து நடந்த அந்த நடைக்கோ அவள் நினைவை விட்டால் வேறு இடமில்லை.

அதனால்தான் அந்தத் தொடரைச் சினிமாவாக எடுக்க நிஷிகோரியும் இயக்குநரும் அதே கூடத்தைக் கேட்டு வந்தபோது அவள் உடனே சரி சொல்லவில்லை.

"கொரலத்தான் டிவி எடுத்துக்கிச்சு. நடையையும் உங்க சினிமா எடுத்துக்க விடமாட்டேன்," என்றாள் நிஷிகோரியிடம். "பேய் கால் வச்சு நடக்கணும். அவர் நடந்த மாதிரியே நடக்கணும். இல்லேன்னா வேற கூடம் பாருங்க."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "நடிகர் நடக்கட்டும்மா. ஆனா படத்துல கால கம்ப்யூட்டர்ல அழிச்சிருவோம். கால் வச்ச பேயை எவன் நம்புவான்?"

வேறு வழியில்லாமல் இறங்கி வந்தாள். "அழிச்சுக்குங்க. நடையை நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

வந்த நடிகன் ராஜா மாதிரி இருந்தான். "இவ்வளவு அழகா இருந்திருந்தா நான் அந்த மனுஷன ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன்," என்று அவனைச் சிவக்க வைத்தாள். பிறகு முழங்காலை விறைத்துக்கொண்டு ஈரத் தரையில் தானே நடந்து காட்டினாள். அவன் பின்னாலேயே நடந்தான்.

"தோளு, தம்பி. தோளச் சாய்."

படம் வெளியானதும் நிஷிகோரி அவளைப் பகல் காட்சிக்கு அழைத்துப் போனான். திரையில் கொதிகலன் அறைக் கதவு திறந்து பேய் வந்தது. இடுப்புக்குக் கீழே வெறும் புகை. அவள் அந்தப் புகைக்குள் கால்களைத் தேடினாள். அப்போது அந்தத் தோள் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது.

சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹிசாயே இருக்கை நுனிக்கு வந்து, "மெதுவாப் போங்க," என்றாள். "தரை ஈரமா இருக்கு."