ஆறு சட்டைக்கு ஒரு பாடம்

வீரலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. மட்டாஞ்சேரியில் துணி வெளுப்பவர்களின் சங்கக் கொட்டகையில் ஏழாம் மேசை அவளுடையது. விடிந்தால் இஸ்திரிப்பெட்டி, பொழுது சாய்ந்தால் அடுப்படி. இதற்கு நடுவில் அவளுக்கு எத்தனை ஆசைகள் என்கிறீர்கள்! ஒரு வருஷம் மவுத் ஆர்கன். மறு வருஷம் நீச்சல். அப்புறம் கம்ப்யூட்டரில் மலையாளம் அடிக்கிற வகுப்பு. ஒன்றையும் முழுசாக முடித்ததில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். "ஆரம்ப சூரத்தனம்" என்று புருஷன் சங்கிலிப்பாண்டி கேலி செய்வான். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

இந்தத் தடவை குஜராத்தி. என்ன வந்தாலும் விடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். காரணம் இருந்தது. பதினொரு வருஷமாக ஹன்ஸாபென் வீட்டுக்கு இஸ்திரி போட்ட துணி கொண்டுபோகிறாள். அந்த அம்மாள் இவளிடம் மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசுவாள். பிறகு இவளை நிற்க வைத்துக்கொண்டே மருமகளிடம் குஜராத்தியில் பொரிந்து தள்ளுவாள். பேச்சு நம்மைப் பற்றியா, காய்கறி விலையைப் பற்றியா என்று தெரியாமல் வாசலில் மரம் மாதிரி நிற்பது லேசான காரியமா?

போனில் பாடம் இருந்தது, படிக்க நேரம்தான் இல்லை. இருபத்தைந்து நிமிஷம் ஒரே வேலை, பிறகு கொஞ்சம் ஓய்வு என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். அவளுக்குக் கடிகாரம் எதற்கு? சட்டை ஒன்றுக்கு நாலு நிமிஷம். ஆறு சட்டைக்கு ஒரு பாடம், பிறகு ஒரு சாயா. காதில் ஒயர், கையில் பெட்டி, வாய் பாட்டுக்கு முணுமுணுக்கும். முன்பைவிட நாளுக்கு நாலு சட்டை கூடவே முடிந்தது.

எட்டாவது மாதம் வந்தது வினை. ஒரு வாக்கியம் நாக்கில் நிற்கவே மாட்டேன் என்றது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்ன வேகத்தில் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஹன்ஸாபென்னின் பட்டுச் சேலை, அதுவும் முந்தானை, உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போனது. ஐயோ, வேறு துணியா கிடைக்கவில்லை!

சங்கச் செயலாளர் அய்யாசாமி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"நானே போய் மன்னிப்பு கேக்கறேண்ணே," என்றாள் வீரலட்சுமி.

"போ. அந்த வீட்டுத் துணி நம்ம கையை விட்டுப் போச்சுன்னா, அப்புறம் உன் காதுல ஒயர் ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

இஸ்திரி நேரத்தைத் தவிர அவளுக்கென்று வேறு நேரம் ஏது? அது போனால் குஜராத்தியும் போச்சு. ஹன்ஸாபென் வீட்டு மாடிப்படி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டாள், ஒரு வார்த்தை மலையாளம் பேசுவதில்லை என்று.

"மாஃப் கர்ஜோ, பென்," என்று ஆரம்பித்தாள். மன்னிக்கணும், அக்கா. சேலையை நான்தான் கருக்கினேன் என்பதையும் குஜராத்தியிலேயே சொன்னாள்.

சேலையைப் பார்த்த ஆத்திரத்தில் ஹன்ஸாபென் எந்தப் பாஷை என்று கவனிக்கவில்லை. அவளும் குஜராத்தியிலேயே பிடிபிடியென்று பிடித்தாள். கை என்ன, கண் என்ன, கவனம் எங்கே போச்சு! வீரலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னாள். நாலாவது பதிலில்தான் ஹன்ஸாபென் சட்டென்று நின்றாள்.

"உனக்கு யார் சொல்லித் தந்தது?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வீரலட்சுமிக்கு மனசு வரவில்லை. "போன்ல கேட்டுப் படிக்கிறேன். அதைக் கேட்டுக்கிட்டு இருந்தப்பதான் சேலை கருகுச்சு."

"என் பாஷையைப் படிக்க என் சேலைதான் கெடைச்சுதா!" என்று ஹன்ஸாபென் இன்னொரு பாட்டம் ஆரம்பித்தாள். மருமகள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூச்சு வாங்கியதும் ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டாள். "சேலை இனிமே உன்கிட்ட கிடையாது. சட்டையும் பெட்ஷீட்டும் மட்டும் எடுத்துட்டுப் போ."

கொட்டகைக்கு வந்தவளின் கண் சிவந்திருந்தது. அய்யாசாமி மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரொம்பத் திட்டிட்டாங்களா?"

"ஆமாண்ணே. பதினொரு வருஷத்துல முதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்துப் பேசினாங்க."

மூட்டையை அவிழ்த்து முதல் சட்டையை விரித்தாள். ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டே ரெண்டு வார்த்தைதான் புரியலைண்ணே," என்றாள். "அதை இன்னைக்கே கண்டுபிடிச்சாகணும். அடுத்த வாரம் பதில் சொல்லணும்ல?"