மகள் வீட்டு மேசை விரிப்பு

பாலிஷ்காரரின் மகள் தச்சரிடம் ஆசையாகச் செய்து வாங்கிய மேசை அது. மரம் பாலாடை போல வெளுத்திருந்தது.

"இந்த நிறம் மாறவே கூடாதுப்பா. தண்ணி வார்னிஷ் போடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

பாலிஷ்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காலமெல்லாம் எண்ணெய் வார்னிஷ் பூசிய கைக்கு இவள் புத்தி சொல்வதா? வீம்புக்கு எண்ணெய் வார்னிஷையே இரண்டு பூச்சு பூசினார். காய்ந்ததும் மேசை கறைபிடித்த பல்லைப் போல மஞ்சளித்து நின்றது.

"மரத்தோட குணம் அது, நான் என்ன பண்றது?" என்று கூசாமல் சொன்னார்.

மகள் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூச்சு படாத பலகை வெள்ளைவெளேரென்று இருந்தது.

"நல்லாத்தான் இருக்குப்பா" என்று தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அதன்பிறகு அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மேசை பளிச்சென்று துடைத்திருக்கும். அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். மேசையைத் தரைவரை மூடிக் கிடந்தது ஒரு கெட்டி விரிப்பு. அவரைக் கண்டதும் மகள் பதறி அதை உருவினாள்.

"துவைக்கப் போடணும்பா."

விரிப்பில் துவைத்த சோப்பு வாசம் அடித்தது. அவர் அதை வாங்கி, மறுபடி மேசைமேல் விரித்து, நான்கு மூலையையும் தாமே இழுத்துவிட்டார்.