மீதி ஒன்று

அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸ்களை எண்ணி, கட்டிங்கில் கொடுத்த எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பேன். ஒரு பீஸ் மிஞ்சினாலும் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. கட்டைப் பிரித்து மறுபடி எண்ண வேண்டும். பதினான்கு வருடமாக இதே பிழைப்பு.

சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் பத்தாவது பாஸ் வேண்டுமாம். நானோ அந்தக் காலத்திலேயே கணக்கில் கோட்டைவிட்ட ஆள். நாற்பது வயதில் துணிந்து பிரைவேட்டாக எழுதினேன். மற்றதெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் போச்சு. வந்த எரிச்சலில் நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் புரட்டினாள். பல்லுறுப்புக்கோவையை வகுக்கும் பக்கங்களில் பாதிக்கு மேல் குறுக்குக்கோடு.

"ஏனுங்கம்மா, சரியாத்தானே போட்டிருக்கறீங்க, எதுக்கு அடிச்சுப்போட்டீங்க?"

"மீதி வந்துருச்சே கண்ணு. வரக்கூடாதில்ல?"

"அந்த மீதியத்தானுங்கம்மா கேக்கறாங்க!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பகீரென்றது. பரீட்சையிலும் இப்படித்தான் அடித்து அடித்துப் போட்டு, கடைசியில் நேரம் போதாமல் எழுந்து வந்திருந்தேன். வகுப்பது எக்ஸ் கழித்தல் இரண்டு என்றால், எக்ஸ் வரும் இடத்திலெல்லாம் இரண்டைப் போட்டால் வருவதுதான் மீதி என்று காட்டினாள். செக்கிங் மாதிரியே இருந்தது, பிடித்துப்போனது.

கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதினேன். ஐந்து மார்க்குக்கு ஒரு வகுத்தல் வந்தது, அதிலும் வகுப்பது எக்ஸ் கழித்தல் இரண்டுதான். படிப்படியாக இறங்கி வந்தேன், கடைசியில் ஒன்று மிஞ்சியது. பேனா தானாகக் குறுக்கே போனது. இழுத்துப் பிடித்தேன். எக்ஸுக்குப் பதில் இரண்டைப் போட்டேன். எட்டில் பதினாறு போய், இரண்டும் ஏழும் கூடி, ஒன்று. மீதி ஒன்று என்று எழுதிக் கட்டம் கட்டிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ரிசல்ட் செல்போனில் வந்தது. செக்கிங் டேபிளில் நின்றபடியே பார்த்தேன். கணக்கு முப்பத்தைந்து. அந்த ஒரு கணக்கை அடித்திருந்தால் முப்பதுதான். சத்தமாக அழுதுவிட்டேன், பக்கத்து டேபிள்காரி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

முகம் கழுவிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, கணக்குல முப்பத்தஞ்சுதானுங்களா?"

"பாஸுங்க" என்றேன்.